மருந்தடிக்கும் விமானமும் என் வலது கையும்

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, எங்கள் குடியிருப்பு முடிகிற இடத்தில் பருத்திக் காடு தொடங்குகிறது. கோடைக் காலைகளில் மஞ்சள் நிறச் சிறு விமானம் ஒன்று வந்து, பயிரை உரசுகிற மாதிரித் தாழப் பறந்து மருந்தடித்துவிட்டுப் போகும். சமையலறை ஜன்னல் வழியாகப் பதினோரு வருடமாக அதைப் பார்க்கிறேன். அதை மரத்தில் செய்து பார்க்கும் ஆசை எனக்கு வந்ததே இல்லை. வலது கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் வந்தது.

நான் பல் மருத்துவர். இரண்டு வருடத்துக்கு முன், ஒருவருக்கு ரூட் கெனால் செய்துகொண்டிருந்தபோது கையிலிருந்த மெல்லிய ஊசிக் கருவி பல்லில் டிக் டிக்கென்று தட்டியது. நிறுத்தினேன். மறுபடி வைத்தேன். மறுபடியும் தட்டியது. காபி அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் காபியை விட்டேன். தூக்கம் போதவில்லை என்று சீக்கிரம் படுத்தேன். சில நாள் ஒன்றுமே இருக்காது. சில நாள் சாம்பார்க் கரண்டிகூட ஆடும். யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும்.

ஒரு மதியம், கிளினிக்குக்குப் பக்கத்தில் பொம்மை விமானப் பெட்டிகள் விற்கும் கடைக்குள் நுழைந்தேன். ஒரு பெட்டியின் மேல் என் ஜன்னல் விமானமே படமாக இருந்தது. உள்ளே எடையே இல்லாத பால்சா மரத் தகடுகளும் பெரிய வரைபடத் தாளும். கிஃப்டா என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்றேன்.

"என்னது இது திடீர்னு?" என்றார் என் வீட்டுக்காரர், மேஜையில் விரித்ததைப் பார்த்து.

"ஸ்ட்ரெஸ்ஸுக்கு நல்லதாம்."

"யோகா கிளாஸ் சேரப் போறேன்னு சொன்னே?"

"அதுக்கு டிரைவ் பண்ணிப் போகணும். இது வீட்லயே இருக்கு."

அவர் நம்பிவிட்டார். எனக்குள் வேறு ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கைக்கு உள்ளே பதினொரு மெல்லிய குறுக்குத் துண்டுகள் நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் விரல் நகம்போல வளைந்தது. பதினொன்றையும் பிசகாமல் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, நேராக ஒட்டிவிட்டால் என் கைக்கு ஒன்றுமில்லை, வேலையைத் தொடரலாம்.

கிளினிக்கில் பயன்படுத்தும் அதே மாதிரிப் பிளேடால்தான் வெட்டினேன். மூன்றாவது துண்டு பாதியில் முறிந்தது. இன்னொன்று வெட்டினேன். அதுவும் முறிந்தது. தகடு தீர்ந்ததும் கடைக்குப் போய்த் தனியாகத் தகடு வாங்கி வந்தேன். முறிந்ததையெல்லாம் காலியான கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவுக்குள் திணித்துக் குப்பையில் போட்டேன். மூன்று வாரத்தில் இடது இறக்கை நேராக, அழகாக வந்தது. அதைக் கையில் தூக்கிப் பார்த்து, பார், கை நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டப்பாவுக்குள் போனவற்றை நான் எண்ணவேயில்லை.

அந்தத் தைரியத்தோடுதான் ஒரு வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போனேன். கோயிலில் பழக்கமான ஆன்ட்டி ஒருவர் வந்திருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. ட்ரில் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கை ஒரு துள்ளு துள்ளியது. நாக்கின் ஓரம் கிழிந்தது. பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தேன். ரத்தம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. வாய் மரத்துப்போயிருந்தாலும் ஆன்ட்டிதான் முதலில் பேசினார்.

"நான்தாம்மா நாக்க ஆட்டிட்டேன். ஒன் மேல தப்பில்ல."

நான் பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டேன். அவர் போன பிறகு, கம்ப்யூட்டரில் அவருடைய பக்கத்தைத் திறந்து, நோயாளி நாக்கை அசைத்ததால் காயம் என்று எழுதினேன். அந்த வரியை டைப் செய்தபோது கை நடுங்கியதாக ஞாபகமில்லை.

ஞாயிறு காலை, இறக்கைக்கு அடியில் மருந்து பீய்ச்சும் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தேன். பல்குச்சி கனத்தில் ஒரு குழாய். அதில் மருந்து வெளிவரும் கடுகளவு முனைகளை வரிசையாக ஒட்ட வேண்டும். இடுக்கியில் பிடித்த முனை குழாயைத் தொடாமல் இரண்டு பக்கமும் ஆடியது. வீட்டுக்காரர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியாது.

"கை ஏன் இப்பிடி ஆடுது?"

"பசி."

"இப்பதான இட்லி சாப்ட்ட?" நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "எத்தன நாளா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்ட்டியின் நாக்கு கிழிந்ததையும், நான் எழுதிய வரியையும்கூட. அவர் முகம் மாறிவிட்டது.

"நாளைக்கு வேலைக்குப் போகாத."

"பேஷன்ட்ஸ் புக் ஆயிருக்காங்க."

"அதனாலதான் சொல்றேன், போகாத."

"நீங்க என்ன டாக்டரா?" என்று கத்தினேன். இடுக்கியை மறுபடி எடுத்து, அவர் கண்ணெதிரே ஒட்டிக் காட்ட முயன்றேன். நாலு தடவை. நாலாவது தடவை முனை எங்கோ தெறித்து விழுந்தது. அவர் குனிந்து தேடினார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

பார்க்கின்ஸன் என்றே பயந்திருந்தேன். நரம்பு மருத்துவர் சோதித்துப் பார்த்து, அது இல்லை என்றார். குடும்பத்தில் வருகிற நடுக்கம், எதையாவது செய்யும்போதுதான் கை ஆடும், உயிருக்கு ஒன்றுமில்லை. அப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாத்திரை குறைக்கும், நிறுத்தாது. ட்ரில்லை இனிமேல் தொடாதீர்கள் என்றார். பத்தொன்பது வருட வேலை அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றது. மீதி முனைகளை வீட்டுக்காரர்தான் ஒட்டினார். பாதி கோணல். நான் திருத்தவில்லை.

கிளினிக்கில் என்னோடு வேலை செய்த இன்னொரு மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி, அந்த வரிக்குக் கீழே நடந்ததை எழுதிச் சேர்த்தேன். பிறகு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நாலு நாளு சாப்ட முடியல. அது போகட்டும். எனக்கு வயசாயிடுச்சு, வாயக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியலன்னு என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்."

"தப்புதான் ஆன்ட்டி."

"ம்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. மோர் கொடுத்தார்; குடித்துவிட்டு வந்தேன்.

முதல் டிக் சத்தத்துக்கும் அந்த வியாழனுக்கும் நடுவில் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் என் கை பட்ட எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டோம். வந்தவர்களைக் கிளினிக்கின் அந்த இன்னொரு மருத்துவர் சோதித்தார்; நான் பக்கத்தில் நின்று எக்ஸ்ரே படங்களைப் பார்த்தேன். இரண்டு பேருக்குப் பல்லை மறுபடி அடைக்க வேண்டியிருந்தது. அதில் ஒருவர் போகும்போது எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். கூப்பிட்டும் வராத ஏழு பேரைப் பற்றி எனக்கு இன்றுவரை தெரியாது.