இரை டப்பாக்களுக்கு நடுவே ஒரு ஏலம்

ஆஸ்திரேலியாவின் மீன்பிடித் துறைமுகமான போர்ட் லிங்கனில் யாருக்காவது வீட்டுச் சாமானை இணைய ஏலத்தில் விற்க வேண்டுமென்றால், முதலில் நெவென்காவைத்தான் தேடுவார்கள். அவள் தலைப்பு எழுதிக் கொடுத்த பொருள் விற்காமல் திரும்பியதே இல்லை.

பக்கத்துத் தெரு லொரேன் ஒரு பழைய எனாமல் பானையை, ‘அம்மாவின் அழகான பாத்திரம், அரிய வாய்ப்பு’ என்று பழம்பொருள் பிரிவில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

“அழகானன்னு யாராவது தேடுவாங்களா? உங்கம்மாவை யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள் நெவென்கா.

பானையின் கம்பெனி, நிறம், எத்தனை லிட்டர், மூடியில் இருந்த சின்னச் சேதம் இவற்றை மட்டும் எழுதி, சமையலறைப் பிரிவுக்கு மாற்றினாள். அந்த வாரமே போட்டி போட்டு வாங்கினார்கள்.

ஊர் நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் வகுப்பும் எடுத்தாள். விற்பவன் மனதில் இருப்பதை எழுதாதே, தேடுகிறவனின் விரல் எதைத் தட்டுமோ அதை எழுது என்பாள். வாங்க வந்தவர்களுக்கும் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள்: தவறான பிரிவில் கிடக்கும் பொருளுக்குப் போட்டி இருக்காது, அங்கே போய்ப் பொறுமையாகத் துழாவுங்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை தலைப்பைத் தவறாக எழுதினாள். தெரிந்தேதான் எழுதினாள்.

அவளுடைய ஒரே மகன் மாரின் சூரை மீன் பிடிக்கும் படகில் வேலை செய்தவன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு அந்தப் படகு கவிழ்ந்தது. கூடப் போன இருவரின் உடல்கள் கரைக்கு வந்தன. மாரின் வரவில்லை. அவன் அறையில், கருப்புப் பெட்டிக்குள், துருத்தியை இழுத்து இழுத்து அவன் வாசித்த அக்கார்டியன் மட்டும் மிச்சமிருந்தது. அதற்கு அவன் யூகோ என்று பெயர் வைத்திருந்தான். குரோவேஷியாவில் அவன் தாத்தாவின் ஊரில் தெற்கிலிருந்து வீசும் ஈரக்காற்றின் பெயர் அது. பெட்டியை அப்படிக் கூப்பிடுவது வீட்டில் இருந்த மூவருக்கு மட்டுமே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் மீன் ஆறிக்கொண்டிருக்க, அவள் கணவன் ஸ்டிபே தலை நிமிராமல் சொன்னான்.

“அந்தப் பெட்டியை வித்துடு நெவென்கா. ஒரு டாலருக்குப் போனாலும் போகட்டும். அந்த ரூமைத் தாண்டி நடக்க என்னால முடியல.”

“அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவே?”

“வரமாட்டான்.”

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள். சரி, போடுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

போட்டாள். ‘யூகோ. கருப்புப் பெட்டி.’ அவ்வளவுதான் தலைப்பு. அக்கார்டியன் என்ற வார்த்தையே இல்லை. மூடிய பெட்டியைத்தான் படம் எடுத்தாள். பிரிவு, மீன்பிடி சாமான்களில் இரை டப்பாக்கள். இசைக்கருவி வாங்க வருகிற யாரும் கால் வைக்காத இடம். மாரின் மட்டும் ஓய்வு கிடைத்தால் அங்கேதான் மேய்ந்துகொண்டிருப்பான்.

எங்கேயோ ஒரு துறைமுகத்தில், நினைவு தப்பி, வேறு பெயரில் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அவள் நம்பினாள். என்றாவது அவன் விரல் அந்தப் பெயரைத் தட்டும். தட்டாவிட்டால், யாருக்கும் வேண்டாமாம் என்று ஸ்டிபேயிடம் காட்டிவிட்டு, பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம்.

கடைசி நாள் ஒருவர் ஏலம் கேட்டிருந்தார். ஒரே ஒருவர். கேட்டவரின் பெயர் இருந்த இடத்தில் வெறும் எழுத்துக்கூட்டம். ஏலம் முடிந்ததும், ‘சனிக்கிழமை நானே வந்து எடுத்துக்கறேன்’ என்று ஒரு வரி வந்தது.

மாரினும் ஒரு வரிக்கு மேல் எழுதியதில்லை.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவன் கட்டிலுக்குப் புதிய விரிப்பு போட்டாள். சனிக்கிழமை காலையிலேயே, அவனுக்குப் பிடித்த கணவாய் மீனின் மை ஊற்றிய கருப்புச் சோற்றைக் கிளறினாள். யாருக்கு இவ்வளவு என்று கேட்ட ஸ்டிபேயிடம், தனக்குப் பசிக்கிறது என்றாள். பிறகு போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். தெருவில் திரும்பிய ஒவ்வொரு காருக்கும் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

ஒரு கார் வாசலில் நின்றது. கதவு திறந்தது. இறங்கியவர் கிரேம். பக்கத்து ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளிடம் செவ்வாய்க்கிழமை வகுப்பில் படித்தவர்.

“டீச்சர்! உங்க வீடா இது?” அவர் வாயெல்லாம் சிரிப்பு. “நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே தப்பான இடமாப் பார்த்துத் துழாவினேன். இரை டப்பாவுக்கு நடுவுல அக்கார்டியன் பெட்டி உக்காந்திருக்கு. நானும் வாசிக்கிறவன், பெட்டியோட கொக்கியைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா? விக்கிறவன் யாரோ வடிகட்டின முட்டாள்னு நினைச்சேன். மன்னிச்சுக்கங்க.”

நெவென்கா கதவைப் பிடித்துக்கொண்டாள். தலைப்பிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து ஊரையே வெளியே நிறுத்தியவள், பிரிவின் வழியாக ஒருவர் நடந்து வரலாம் என்பதை மறந்துபோனாள். அந்த வழியைக் காட்டிக் கொடுத்தவளே அவள்தான்.

கிரேம் பெட்டியைத் திறந்து அக்கார்டியனை மெல்ல இழுத்தார். ஓர் இளைப்பு மட்டும் வந்தது.

“துருத்தி உப்புக்காத்துல மக்கிப் போச்சு. பரவாயில்ல, உள்ள சத்தம் குடுக்கிற ரீட் தகடெல்லாம் நல்லா இருக்கு. அதை மட்டும் கழட்டி என்னோடதுல போட்டுக்கறேன்.”

இது விற்பதற்கில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிரேம் நல்ல மனிதர், வைத்துவிட்டுப் போய்விடுவார். அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் ஸ்டிபே வந்துவிட்டான். பெட்டியை மூடி, தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிப் போய்க் காரின் பின் சீட்டில் வைத்தான். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். பிறகு காரின் கூரையில் நெற்றியைப் பதித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். மாரினுக்காகத் தேவாலயத்தில் ஊரே அழுதபோது மரம் போல் நின்றவன் அவன்.

இப்போது பேசினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இரை டப்பாப் பிரிவைச் சொல்ல வேண்டும், புது விரிப்பைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் கழித்து இறங்கிய அந்த அழுகையை மறுபடி அவன் தொண்டைக்குள் திணிக்க வேண்டும். நெவென்கா வாயை மூடிக்கொண்டாள். கார் கடற்கரைச் சாலையில் திரும்பி மறைந்தது.

ஸ்டிபே கருப்புச் சோற்றை இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்ட நாற்காலியிலேயே தூங்கிப் போனான். வெகு நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சுருக்கம் இல்லை.

அவள் கணினியின் முன் உட்கார்ந்து, தேடும் கட்டத்தில் யூகோ என்று தட்டினாள். அப்படி எந்தப் பொருளும் இல்லை என்றது திரை. இரை டப்பாப் பிரிவுக்குள் போய்க் கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். மாரின் இன்று தேடினாலும் இதைத்தான் பார்ப்பான்.

மறுபடியும் தட்டினாள்.