வேளாங்கண்ணியைவிடப் பக்கம்

அந்தோணியம்மாளுக்கு லண்டன் ஐந்தரை மணி நேரத் தொலைவில் இருந்தது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள் அவள். மகள் ஏஞ்சல் நர்ஸ் வேலைக்குக் கிளம்பிய அன்றே டிக்கெட்டைப் பார்த்து இதைக் கணக்குப் போட்டுவிட்டாள். காலை ஐந்தரைக்கு ஏறினால் பதினொரு மணிக்கு இறக்கம். கடலோரத்தில் தூரம் என்றால் நேரம்தான். எத்தனை மணி ஓட்டம் என்று கேட்பார்களே தவிர எத்தனை மைல் என்று கேட்க மாட்டார்கள். வேளாங்கண்ணிக்கே பஸ்ஸில் எட்டு மணி நேரம் ஆகிறது. அதைவிடப் பக்கம்தானே என்றுதான் மகளை விட மனசு வந்தது. ஏஞ்சலும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு வருஷமாக அந்த ஐந்தரை மணி நேரத்துக்குள்தான் அவள் வாழ்ந்தாள். செதில் சுரண்டும்போது தலைக்கு மேல் விமானம் போனால் கை நின்றுவிடும். இதோ, நினைப்பில் மடியில் நெத்திலிக் குழம்புச் சட்டியோடு அதில் உட்கார்ந்திருக்கிறாள். கீழே கடல் மினுங்குகிறது. மத்தியானச் சோற்றுக்கு மகள் வீடு. வாடிக்கைக்காரர்கள்தான் பாவம், "அக்கா, மீனு" என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக ஏஞ்சல் டிக்கெட்டை போனில் அனுப்பினாள். பகல் ஒரு மணிக்குக் கிளம்பி, மறுநாள் காலை ஐந்துக்கு இறங்குகிறாள். பதினாறு மணி நேரம்! நம்மவள் அசரவில்லை. வஞ்சிரம் வாங்க வந்த தஹ்சீனிடம் காட்டினாள். தஹ்சீனுக்கு தி.நகரில் விமான டிக்கெட் போடும் கடையில் வேலை.

"போறப்ப நீரோட்டம் கூடவே இழுத்துக்கினு போவுது. வர்றப்ப எதிர்த்து வரணும். அதான் லேட்டாவுது, இன்னா?"

தஹ்சீன் சிரித்துவிட்டாள். "போறதுக்கும் வர்றதுக்கும் பதினோரு மணி நேரம் கிட்ட ஆவும்க்கா. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல கீது. அவங்க கடிகாரம் நம்மளவிட அஞ்சரை மணி நேரம் பின்னாடி. அதான் டிக்கெட்டுல அப்படித் தெரியுது."

அங்கே தாமதமாக விடியும் என்பது அந்தோணியம்மாளுக்குத் தெரியாதா என்ன? தினமும் போனில் பேசுகிறவள்தானே. ஆனால் அதை டிக்கெட்டோடு முடிச்சுப் போட்டுப் பார்க்க மனசு துணியவில்லை. இப்போது ஒரே நொடியில் மகள் அத்தனை தூரம் போய்விட்டாள்.

சாயங்காலம் ஏஞ்சல் கூப்பிட்டாள்.

"அம்மா, வேலைய இன்னும் மூணு வருஷத்துக்கு நீட்டித் தர்றாங்க. வேணாம்னு சொல்லு, நான் வந்துடறேன்."

அம்மா செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இருன்னு சொன்னாலும், உனக்கு ஏதாச்சும்னா அஞ்சரை மணி நேரத்துல ஓடி வந்துட மாட்டேனாம்மா?" அந்த 'அஞ்சரை'யைச் சொல்லும்போது ஏஞ்சலின் குரல் தழுதழுத்தது. அவளுக்கு உண்மையான தூரம் முதல் நாளிலிருந்தே தெரியும் என்று அம்மாவுக்குப் புரிந்தது.



"இருடி கண்ணு, நிம்மதியா இரு. வேளாங்கண்ணியவிடப் பக்கத்துலதான கீது."