குடைக்குப் பின்னால் வாருங்கள்

ஊர் காட்டுகிற தொழிலில் கோயிலாலும் கோட்டையாலும் ஒரு தொல்லையும் கிடையாது, அவை இருக்கிற இடத்திலேயே இருக்கும். தொல்லையெல்லாம் கால் முளைத்த கெஸ்ட்டுகளால்தான்.

வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை நாலு இடம் காட்டலாமே என்று கூட்டிப்போய், ஒருவர் செருப்பைத் தேட, ஒருவர் தண்ணீர் கேட்க, இன்னொருவர் ஆளையே காணோம் என்று நடுரோட்டில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதையே மாதச் சம்பளத்துக்குச் செய்கிறவள் நான். எனவே நாமெல்லாம் ஒரே சாதி.

எனக்கு ஊர் கீரனூர். திருச்சியில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் டிக்கெட் போடும் வேலைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். வெளிநாட்டு குரூப்புகளுக்காக அவர்கள் 'பண்பாட்டுப் பயணம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தலைப்பு இருக்கும். ஒன்று ஓவியமும் சிற்பமும், இன்னொன்று சமையலும் விருந்தும், மற்றொன்று கிராமத்து விசேஷங்கள். புதுக்கோட்டைப் பக்கம் போக வேண்டிய கைடு ஒருநாள் வரவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்து, "நீ அந்தப் பக்கம்தானே மீனா?" என்று கேட்டார். எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். கையில் ஒரு சிவப்புக் குடையைக் கொடுத்தார்கள். கூட்டத்தில் அதைத் தூக்கிப் பிடித்தால் கெஸ்ட்டுகள் பின்னால் வருவார்கள் என்பது ஏற்பாடு.

வாயடைத்துப்போன கைடு

முதல் குரூப் பிரெஞ்சுக்காரர்கள். எல்லாருமே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சித்தன்னவாசல் பற்றி நான் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பஸ்ஸில் ஒரு தடவை எனக்குள்ளேயே ஒப்பித்தும் பார்த்துக்கொண்டேன். குடைவரைக்குள் நுழைந்து, கூரையில் இருக்கும் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. யார் குடைந்தது, எந்த நூற்றாண்டு, எந்தச் சமயம், ஒன்றும் வாயில் வரவில்லை. கையை மட்டும் மேலே நீட்டினேன். அவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். மீனையும் அன்னத்தையும் பூப்பறிக்கும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. இன்றோடு டிக்கெட் போடும் வேலையும் போச்சு என்று நான் சுவரோரமாக நின்றேன்.

வெளியே வந்ததும் குழுவிலேயே வயதான அம்மா என்னிடம் வந்தார். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எத்தனையோ நாட்டில் எத்தனையோ கைடு பார்த்துவிட்டேன். பேசாமல் பார்க்க விட்டது நீ ஒருத்திதான்."

எந்தக் கார்த்திக்?

கிராமத்து விசேஷங்கள் பயணத்தில் ஒரு தமிழ்க் கல்யாணம் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். எங்கள் ஆபீஸ் கணக்கர் தன் மச்சான் மகன் கல்யாணத்துக்கே அழைத்துவிட்டார். திருவரங்குளம் போகும் வழியில் மண்டபம், மாப்பிள்ளை பெயர் கார்த்திக், வாசலில் பெரிய பிளக்ஸ் இருக்கும் என்றார். போனோம். பிளக்ஸ் இருந்தது, கார்த்திக் சிரித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். பெண்களெல்லாம் திருச்சியில் வாங்கிய புடவையை ஊக்குகளின் உதவியோடு கட்டியிருந்தார்கள். பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, எங்களை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். வீடியோக்காரர் மணமக்களை விட்டுவிட்டு எங்களையே எடுத்துக்கொண்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்த நேரம் கணக்கரிடமிருந்து போன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். முன் வரிசையில் என்றேன். நானும் முன் வரிசையில்தான் இருக்கிறேன், உங்களைக் காணோமே என்றார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி இன்னொரு மண்டபம், அங்கே இன்னொரு கார்த்திக்.

பெண்ணின் அப்பாவைத் தேடிப் பிடித்து, ஓரமாகக் கூட்டிப்போய், உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. அவர் கோபப்படவில்லை, சுற்றும் முற்றும் பார்த்தார். மாப்பிள்ளை கத்தாரில் வேலை பார்க்கிறாராம். பெண் வீட்டில் சிலருக்கு அந்த வேலையின்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லையாம். எங்களைப் பார்த்ததும் அவரே ஒரு முடிவுக்கு வந்து, வாய் நிறையச் சொல்லியும் முடித்துவிட்டார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தப்பா வந்தது இருக்கட்டும்ங்க. மாப்பிள்ளை கம்பெனிக்காரங்கன்னு இங்கிட்டு எல்லார்கிட்டயும் சொல்லிப்புட்டேன். பந்தி முடியிற வரைக்கும் தப்பாவே இருந்துருங்க."

முருகனுக்குச் சுருட்டு

விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைக்கிற வழக்கம் உண்டு. இதைச் சொன்னால் எந்த நாட்டுக்காரரும் நிமிர்ந்து உட்காருவார். நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு தம்பதியில் கணவர் மட்டும் நிமிர்ந்ததோடு நிற்காமல், மலை ஏறும்போது எல்லாருக்கும் முன்னால் ஏறினார். மேலே போய்க் கும்பிட்டு இறங்கும்போது யாரோ ஒரு பக்தர் அன்பாகத் தன் பிரசாதச் சுருட்டை அவர் கையில் வைத்துவிட்டார். அதை மூக்கருகே கொண்டுபோய் அவர் மூச்சு இழுத்த விதத்தைப் பார்த்தால் பழைய காதலியைக் கண்ட மாதிரி இருந்தது. சாமி கொடுத்ததை மறுத்தால் தவறாகுமா என்று என்னிடம் அக்கறையாகக் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள், பின்னால் வந்த மனைவி அந்தச் சுருட்டை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "பாதி வாழ்க்கை போராடி நான் நிறுத்திய பழக்கம் இது. உங்கள் கடவுளிடம் எனக்காகக் கொஞ்சம் பேசிவிடுங்கள்" என்றார்.

வள்ளியக்காவின் சோதனை

சமையல் பயணத்துக்கு எங்கள் துருப்புச்சீட்டு வள்ளியக்கா. திருமயம் பக்கத்தில் தன் வீட்டிலேயே எங்கள் கெஸ்ட்டுகளுக்குச் சமைத்துப் போடுபவர். அவர் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கும் வாசனைக்கே கெஸ்ட்டுகள் கைதட்டுவார்கள். ஒருமுறை குஜராத்திலிருந்து ஒரு சமணக் குழு வந்தது. சித்தன்னவாசல் சமணர் படுக்கைகளைப் பார்க்க வந்தவர்கள். மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். கோழி கிடையாது, முட்டை கிடையாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், மண்ணுக்குள் விளைகிற எதுவுமே கிடையாது என்பது எனக்கே அன்று காலையில்தான் தெரிந்தது. போனில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். லைன் கட்டாகவில்லை, அக்காதான் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாழைப்பூ வடை, மாங்காய்ப் பச்சடி, மிளகு தட்டிப்போட்ட அவரைக்காய், தேங்காய்ப்பால் விட்ட ஒரு குழம்பு என்று இலை நிறைந்திருந்தது. வந்தவர்கள் மூன்றாம் முறை சோறு கேட்டார்கள். குழுவில் மூத்த பெரியவர் எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்று அக்காவைக் கும்பிட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் கிளம்பும்போது என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "வெங்காயம் இல்லாமயும் சமைக்கலாம்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம் மீனா. தெனமும் உரிச்சுக் கொடுக்கிறது அவருதான், வேற ஒரு வேலையும் செய்யமாட்டாரு."

நார்த்தாமலையில் ஒரு ஆள் குறைவு

மலையிலிருந்து இறங்கி ஆளை எண்ணினால் ஒருவர் குறைந்தார். ஜப்பானியர், தனாகா என்று பெயர், அறுபது வயதிருக்கும். பயணம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவர். எதைப் பார்த்தாலும் தலையை மட்டும் ஆட்டுவார். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம், எங்கே தண்ணீர் இருந்தாலும் கிட்டே போய்க் குனிந்து போட்டோ எடுப்பார். மலையடியில் பெரிய கண்மாய், அதில் கரை தொட்டுத் தண்ணீர். கரை நெடுக ஓடினேன். எங்கள் டிரைவர் ஆரோக்கியம் அண்ணன் ஹாரனை அழுத்தியபடியே இருந்தார். மேனேஜருக்குப் போன் செய்தேன். போலீசில் சொல்லிவிடு என்றார் அவர். எந்த ஸ்டேஷன் என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போது, சைக்கிளில் வந்த ஒருவர், தொப்பி போட்ட ஆளையா தேடுறீங்க, அந்தா அங்கிட்டு வயலில் நிற்கிறார் என்று கை காட்டினார்.

ஓடினேன். தனாகா பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, சேற்றில் இறங்கி, பெண்களோடு பெண்களாக நாற்று நட்டுக்கொண்டிருந்தார். ஊரில் அவர் நெல் விவசாயியாம். இப்போது எல்லாம் மெஷின் நடுவதால், கையால் நட்டுப் பல காலம் ஆகிவிட்டதாம். இதைச் சொல்லும்போது அந்தப் பேசாத மனிதர் முகமெல்லாம் சிரிப்பு. நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பஸ்ஸில் எல்லாரும் காத்திருக்கிறார்கள், அவரை உடனே அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். வரிசையின் முனையில் நின்ற பெண்மணி இடுப்பை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "அவரு தொடங்குன வரிசைய முடிச்சுட்டு வரட்டும்மா. பாதியில கூட்டிட்டுப் போனா மிச்சத்த நீயா நடுவ?"

இரண்டு சீட்டுக்காரர்

பீட்டர் ஜெர்மனியிலிருந்து வந்தார். அவர் பேரில் இரண்டு சீட் பதிவாகியிருந்தது. வந்தது அவர் மட்டும். பயணத்துக்குப் பதிவு செய்தது அவருடைய மனைவி. கிளம்புவதற்குச் சில மாதம் முன்னால் அந்த அம்மா இறந்துவிட்டார். இவர் எதையும் ரத்து செய்யாமல் புறப்பட்டு வந்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை, தன் பையைக்கூட அங்கே வைக்கவில்லை. குடுமியான்மலையில் எல்லாரும் இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. கொடும்பாளூரிலும் இறங்கவில்லை. கோயில் எல்லாம் அவளுக்குத்தான் பிடிக்கும் என்று மட்டும் சொன்னார். ஒரு தண்ணீர் பாட்டிலை மட்டும் அவர் கையில் கொடுத்தேன். குடை பிடித்துக்கொண்டு போய் வந்தேன், அவ்வளவுதான்.

திருமயம் ரோட்டில் இன்ஜின் சூடாகி பஸ் நின்றது. நல்ல வெயில். ஆரோக்கியம் அண்ணன் கீழே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஸ்ட்டுகளைப் புளியமரத்து நிழலில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால், பஸ்ஸுக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. ஒன்று பீட்டருடையது. தன் ஊரில் டவுன் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவராம். ஃபேன் பெல்ட் அறுந்துபோயிருந்தது. அண்ணன் ஒரு பழைய பெல்ட் வைத்திருந்தார், அதைச் சரியான இறுக்கத்தில் மாட்டியது பீட்டர். அண்ணன் தமிழில் பேசினார், பீட்டர் ஜெர்மனில் பேசினார், இடையில் ஸ்பேனர் சரியாகக் கை மாறியது. எழுந்து வந்தபோது இருவர் முகத்திலும் ஒரே கிரீஸ்.

அதன்பிறகு பீட்டரின் இடம் டிரைவருக்குப் பக்கத்தில். ஒவ்வொரு டீக்கடையிலும் இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். மனைவியின் போட்டோவை அண்ணனிடம் காட்டினார். அண்ணன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, சிலுவைக் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆவுடையார்கோயிலில் பீட்டர் தானாகவே இறங்கி, கல்லில் கயிறும் கம்பியும் போல் செதுக்கிய கூரையைக் கழுத்து வலிக்கப் பார்த்தார். இதைச் செய்தவனுக்கு என்னென்ன கருவி இருந்திருக்கும் என்று எனக்குப் பதில் தெரியாத கேள்விகளாகக் கேட்டார்.

திருச்சி விமான நிலையத்தில் எல்லாரும் என்னிடம் விடைபெற்றார்கள். பீட்டர் அண்ணனைக் கட்டிக்கொண்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆசைப்பட்ட கோயில்களை அவள் பார்த்திருப்பாள். நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு சீட்டும் வீண் போகவில்லை."

பாதி உலகத்துக்கு எங்கள் மாவட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டேன். லீவு நாளில் குடும்பத்தோடு எங்கேயாவது போய் வரலாமா என்று வீட்டில் கேட்டால் மட்டும் எனக்கு ஏன் உடனே தலைவலி வந்துவிடுகிறது என்று என் கணவருக்கு இன்னும் புரியவில்லை.