இடுப்பும் சாமி எலும்பும்

செங்கல்பட்டு ஸ்கேன் சென்டரில் கொடுத்த ரிப்போர்ட்டில் ‘லம்போசேக்ரல்’ என்ற சொல் நாலு இடத்தில் இருந்தது. முதுகின் அடியில் தட்டு விலகியிருக்கிறதாம். இனி பளு தூக்கக் கூடாது என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். உற்சவத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. திருப்போரூரில் சாமி பல்லக்குக்கு இருபது வருஷமாகத் தோள் கொடுப்பவன் நான். வலது பக்கத் தண்டில் மூன்றாவது ஆள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் என்பதெல்லாம் அப்புறம்தான்.

ஆனால் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? அகராதியைப் புரட்டினேன். இரண்டு லத்தீன் சொற்களை ஒட்டிச் செய்த சொல் அது. ‘லும்பஸ்’ என்றால் இடுப்பு. ‘சாக்ரும்’ என்றால் புனிதமானது; முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்புக்கு அந்தப் பெயர். பலியில் அதைத் தெய்வத்துக்குப் படைத்ததால் வந்த பெயர் என்று சிலர் சொல்கிறார்களாம், உறுதியாகத் தெரியாதாம். எனக்கு அவ்வளவு போதும். அடுப்படிக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

“பாத்தியா, அது சாமி எலும்பு. அவருக்காகத் தூக்கினா அவர் பாத்துக்க மாட்டாரா?”

“அப்போ வலிக்குதுன்னு என்னை ஏன் கூப்பிடறீங்க? அவரையே வந்து தைலம் தேய்க்கச் சொல்லுங்க.”

வீம்புக்குக் குனிந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினேன். நிமிர முடியவில்லை. அவள்தான் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

புறப்பாடு அன்று காலை தேங்காய்த் தட்டுடன் வாசலில் நின்றேன். மேளம் நெருங்கியதும் தெருவே சாமி முகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் தண்டைப் பார்த்தேன். என் இடத்தில் மறைமலைநகர் கம்பெனியில் வேலை செய்கிற ஒருவர். உயரம் கொஞ்சம் குறைவு. பல்லக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “தோள்ல துண்ட மடிச்சு வெய்யி, மடிச்சு வெய்யி!” என்று கத்திக்கொண்டே கிட்டே போய்விட்டேன்.

முன்தண்டில் இருந்தவன் என் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே வருஷம் தோள் கொடுக்க ஆரம்பித்தவர்கள். மேளச் சத்தத்தில் என் குரல் அவனுக்குப் பிடிபடவில்லை. தலையைத் திருப்பாமல் அதட்டினான்.

“இன்னா சார், சாமி வந்துகினு கீது, வழில நிக்கிற? ஓரமா போ சார்!”

பாரம் தோளில் இருக்கும்போது யார் முகத்தையும் பார்க்க முடியாது. நானும் அப்படித்தான் எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன். தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போனேன்.