மார்பிள் மேசையில வெள்ளைப் புள்ளி

செல்வாம்பாளுக்கு அரியாங்குப்பம். காலையில பஸ் புடிச்சு டவுனுக்கு வந்து, ஒரே தெருவுல மூணு வீட்டுல வேலை. பதினெட்டு வருஷமா இதான் பொழப்பு. வீட்டு வேலைக்கு மூளை வேணாம்னு பேசுறவன் ஒரு நாள் செஞ்சு பாக்கணும். பித்தளைக்குப் புளி, எண்ணெப் பிசுக்குக்கு சோடா உப்பு, கக்கூஸுக்கு ஆசிட். எதை எதுமேல போடக் கூடாதுங்கறதுலதான் வேலையே இருக்குது. வந்த புதுசுல ஒரு வீட்டு மொசைக் தரையில ஆசிட்ட ஊத்திட்டா. தரை பொரிஞ்சு போச்சு, அன்னைக்கே வேலையும் போச்சு. அதுலேருந்து ஆசிட் பாட்டில் பாத்ரூம் வாசலத் தாண்டினதில்ல.

போன வெள்ளிக்கிழமை, அந்த மூணுல ஒண்ணான இவோன் மதாம் வீட்டுக்குள்ள நுழையும்போதே மதாம் புடிச்சுக்கிட்டாங்க. கூடத்துல அவங்க மாமனார் காலத்து கருப்பு மார்பிள் மேசை. மேல பூரா வெள்ளை வெள்ளையா புள்ளி.

"ஆசிட்டப் போட்டுத் தொடச்சியா?"

"இல்லீங்க மதாம். ஈரத்துணி தவிர வேற எதுவும் அதுமேல படல."

"பின்ன மேசைக்குத் தானா அம்மை போட்டுச்சா? பக்கத்து வீட்டு நிர்மலாகிட்டயும் போன்ல சொல்லிட்டேன், உங்க தரையப் பத்திரமா பாத்துக்கன்னு."

செல்வாம்பாளுக்கு அதுதான் சுருக்குன்னுது. நிர்மலா வீட்டுலயும் அவதான் வேலை. தெருவுல ஒரு வீட்டுல பேரு கெட்டா மூணு வீடும் போச்சு.

குனிஞ்சு மேசையத் தடவிப் பாத்தா. ஆசிட் பட்டிருந்தா விரலுக்குக் குழி தட்டும். இது வழவழன்னுதான் இருக்குது, பளபளப்பு மட்டும் போயிருக்குது. புள்ளியெல்லாம் தெளிச்ச மாதிரி பொடிப்பொடியா.

தெளிச்சதுன்னதும் நெனப்பு வந்துச்சு. பாரீஸ்லேருந்து லீவுக்கு வந்திருக்குற மதாமோட மருமவ க்ளோயே, நாலு நாளா ஸ்ப்ரே பாட்டிலும் கையுமா சுத்திக்கிட்டு இருந்துச்சு. பாட்டில்ல வினிகர். அங்க கண்ணாடி, குழாய், ஃப்ரிட்ஜ் எல்லாத்துக்கும் அதானாம்.

"அந்த பாட்டிலக் கொஞ்சம் குடும்மா."

மேசையோட ஒடஞ்ச மூலைத்துண்டு ஒண்ணு கொல்லைக் கதவுக்கு முட்டு குடுத்துக் கெடந்துச்சு. அத எடுத்தாந்து கழுவித் தொடச்சு, வினிகர அடிச்சா. கொஞ்ச நேரத்துல பொடிசா நொரை கட்டுச்சு. தொடச்சுக் காட்டினா. அதே வெள்ளைப் புள்ளி.

க்ளோயே வாயப் பொளந்துச்சு. "இது சாலட்ல போடறது தானே? நாம சாப்புடறோமே!"

"நம்ம வயிறு தாங்கும்மா, இந்தக் கல்லு தாங்காது. எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சாலும் இதே கதிதான்."

மதாமோட வீட்டுக்காரர் தொமினிக் பேப்பருக்குப் பின்னாலேருந்து கேட்டாரு: "அப்ப மருமவள வேலைய வுட்டு நிறுத்திடலாமா, இவோன்?"

"நீங்க சும்மா இருங்க." மதாம் செல்வாம்பா பக்கம் திரும்பினாங்க. "சரி சரி, போய் பாத்திரத்தப் பாரு."

செல்வாம்பா நகரல. "நிர்மலாம்மாகிட்டயும் சொல்லிடுங்க மதாம்."

"அப்புறம் சொல்றேன்."

"போன் உங்க கையிலதானே இருக்குது."

மதாம் அவ மூஞ்சப் பாத்தாங்க. அப்புறம் போன் போட்டாங்க. "நிர்மலா... அது செல்வாம்பா இல்ல. எங்க வீட்டு ஆளுங்கதான்."

மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வரல. செல்வாம்பா அதுக்குக் காத்துக்கிட்டும் நிக்கல. வினிகர் பாட்டில எடுத்துட்டுப் போயி பாத்ரூம்ல ஆசிட் பாட்டில் பக்கத்துல வெச்சா. அப்புறம் பாத்திரம் தேய்க்க உக்காந்தா.