அப்பாவின் காருக்கு ரைமிங் பார்த்தது

"கழட்டுறது ஆரும் கழட்டுவினம், பிள்ளை. திரும்பப் பூட்டுவியோ?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அப்பா கேட்டார். பழுதாகி நின்ற அவருடைய பழைய ஏ-40 காரின் எஞ்சினை நான் புத்தூர் வீட்டு முற்றத்தில் பிரித்துப் பரப்பியிருப்பதை அம்மா போய்ச் சொல்லிவிட்டார். அந்தக் காரில்தான் அப்பா காலமெல்லாம் கொடிகாமம் சந்தைக்கு ஆட்களையும் மரக்கறியையும் ஏற்றி இறக்கினார். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் படித்து முடித்த முதல் ஆள் நான், அதுவும் மோட்டார் தொழில்நுட்பம். பூட்டுவேன் என்றேன்.

திங்கட்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்புவதாக டொக்டர் சொல்லியிருந்தார்.

"அப்ப என்ரை காரிலைதான் வருவன். ஓட்டோ கொண்டு வந்தியெண்டால் ஏறமாட்டன்."

வெள்ளிக்கிழமை ரைமிங் செயினை, அதாவது வால்வு திறக்கும் நேரத்தைப் பிடித்து வைக்கும் சங்கிலியை, மாட்டினேன். வால்வுகளை இயக்கும் காம்சாஃப்டைச் சுற்றும் பற்சில்லிலும் கீழ்ச் சில்லிலும் ஒவ்வொரு புள்ளி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் பார்த்தால் சரி என்பது கணக்கு.

"புள்ளி ரெண்டும் நேர். மூடு, மூடு," என்றார் பக்கத்தில் நின்ற சித்தப்பா.

நான் மூடவில்லை. வால்வுக்கும் அதை அமுக்கும் றொக்கருக்கும் நடுவே மெல்லிய தாளொன்றைச் செருகி, எஞ்சினைக் கையால் சுற்றினேன். வால்வு திறக்கத் தொடங்கும்போது தாள் இறுகும். பிஸ்டன் உச்சிக்கு வரச் சற்று முன்பே அது நடக்க வேண்டும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கிய பிறகும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது.

"உன்ரை தாள்தான் பிழை," என்றார் சித்தப்பா.

மறுநாள் அப்பாவிடம் கேட்டேன். இருமி இருமிச் சிரித்தார்.

"சண்டைக்காலத்திலை சாமான் எங்கை வந்தது? உடைஞ்சு கிடந்த வேறையொரு எஞ்சின்ரை சில்லை அரத்தாலை ராவிப் போட்டனாங்கள். புள்ளியை ஆர் பாத்தது? சத்தத்தைக் கேட்டுத்தான் பூட்டினது."

அடுத்த கட்டில்காரர் தலையைத் தூக்கினார். "உந்தப் பொம்பிளைப் பிள்ளையோ எஞ்சின் பூட்டுது?"

"ஓம். படிச்ச பிள்ளை," என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை செயினை இரண்டு பல் தள்ளி மாட்டிச் சுற்றினேன். தாள் உரிய இடத்தில் இறுகியது. இன்னொரு முறையும் பார்த்துவிட்டு மூடியையும் மிச்சமிருந்ததையும் பூட்டி முடித்தேன். எண்ணெய்க் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா போனில் கோல் எடுத்தார். அழுகை மட்டும்தான் கேட்டது.

அப்பா திங்கட்கிழமைதான் வீட்டுக்கு வந்தார். ஒரு வான் வண்டியில், வெள்ளைத் துணி சுற்றி.

அதற்குப் பிறகு நான் காரைத் தொடவில்லை. ஓடும் என்று தெரியும். அந்தச் சத்தத்தை அவர் இல்லாமல் கேட்க என்னால் முடியவில்லை. குளிக்கப் போகும்போதும் காரைப் பார்க்காமல் கிணற்றடிக்குச் சுற்றிப் போனேன்.

நாளைக்கு அந்தியேட்டி, அவருடைய முப்பத்தோராம் நாள் சடங்கு. அவருடைய சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைக்க வேண்டும். சித்தப்பா வானுக்குச் சொல்லியிருந்தார்.

"உந்தக் காரை நம்பி அண்ணையைக் கொண்டு போகேலாது, பிள்ளை. வழியிலை நிண்டால்?"

"நிக்காது, சித்தப்பா."

இன்று காலை வான்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காரை இயக்கிச் சந்திக்கு ஓட்டிப்போய்ப் பெற்றோல் நிரப்பிக்கொண்டு வந்தேன்.