எல்லாக் குட்டிகளுக்கும் அம்மா

பொக்சில் என்ற அந்த வெள்ளை நாய் தன் ஆயுசில் ஒரு குட்டிகூடப் போட்டதில்லை. ஆனாலும் இந்த ஒரு வருடத்தில் அவளுக்கு மால்டீஸ் குட்டிகள் பிறந்தன, பூடில் கலந்த சுருட்டை முடிக் குட்டிகள் பிறந்தன, நரி மூஞ்சியோடு பொமரேனியன் கலந்ததுகூடப் பிறந்தது. எல்லாம் தால்சூவின் கைங்கர்யம்.

தால்சூ, பொக்சிலை வளர்க்கும் ஒக்பூனின் தம்பி. நாய்க்குட்டி ஏலத்தில் அட்டைப்பெட்டியோடு குட்டிகளை எடுத்துவந்து அக்கா இருக்கும் வீட்டுக் கொல்லையில் இறக்குவான். கொல்லை என்றால் நாலு வரிசை மிளகாய்ச் செடி, கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகள், தலைக்கு மேலே கிம்போ விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களின் இரைச்சல், அவ்வளவுதான். இறக்கிய கையோடு செல்போனில் விளம்பரம் போடுவான்: 'எங்கள் வீட்டு நாய் ஈன்ற குட்டிகள். தாயை நேரில் பார்க்கலாம்.' கடைக் குட்டி என்றால் ஆயிரம் யோசிக்கிற ஜனம், வீட்டுக் குட்டி என்றால் கேட்டதைக் கொடுத்து வாங்கிப் போகும். தாய்க்கு எங்கே போவது? அக்காவிடம்தான் ஒரு வெள்ளைக் கிழம் இருக்கிறதே, அது போதாதா! குட்டி கறுப்பாக இருந்தால் அப்பன் கறுப்பு. தீர்ந்தது வழக்கு.

ஒக்பூனின் பங்கு ஒரே ஒரு வாக்கியம்: "ஆமாங்க, இவதான் பெத்தா." அதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நாக்கு கூசும். கூசி என்ன செய்ய? மீன் கேக் தொழிற்சாலையில் ஈரத் தரையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த புருஷனும் போய்ச் சேர்ந்தார். இருப்பது தம்பியின் வீட்டில். அவன் ஒரு நாளும் 'போ' என்று சொன்னதில்லை, அந்த மட்டும் நல்லவன். அவள் முகம் சுளித்தால் மட்டும், "அக்கா, இந்த வீட்ட வாடகைக்குக் கேட்டு ஒருத்தன் வந்தான்" என்பான், சும்மா பேச்சுவாக்கில்.

தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது பொக்சில் ஒன்றுதான். அதையும் விட்டுவைத்தானா பாவி! வந்து இறங்கும் குட்டிகள் பால் இல்லாத காம்பைக் கடித்துப் புண்ணாக்கும். அவை கொண்டுவரும் பேதி பொக்சிலுக்கும் தொற்றும். போன குளிர்காலத்தில் ரத்தமாகப் போய், பிழைத்ததே மறுபிறவி. இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டாள் என்று ஒக்பூனுக்கு நன்றாகத் தெரியும்.

மிளகாய் காயப்போட்டிருந்த ஒரு மத்தியானம் சோல்பி என்ற இளம்பெண் ஒருத்தி நாய்க்குட்டி வாங்க வந்தாள். ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறவள். வந்தவள் குட்டிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே பொக்சிலின் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவினாள், வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு தன் செல்போனை நீட்டினாள்.

"இந்த விளம்பரத்துல இவதான். இதுலயும் இவதான். இதுலயும். ஒரே வருஷத்துல இத்தனை பிரசவமா அஜும்மா? பல்லு கொட்டி, காம்பெல்லாம் புண்ணாகி... மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

தால்சூ உள்ளேயிருந்து வந்தான். "இந்தாம்மா, குட்டி வாங்க வந்தியா, சண்டை வாங்க வந்தியா?"

"என் சிநேகிதி போன மாசம் உங்ககிட்ட வாங்கின குட்டி அஞ்சே நாள்ல செத்துப்போச்சு. அவ அழுத அழுகை இன்னும் நிக்கல. குட்டிங்க கெடக்கட்டும், இந்தத் தாய என்கூட அனுப்புங்க. இல்லேன்னா நேரா நகராட்சியில புகார்."

தால்சூ ஒரு நிமிஷம் யோசித்தான். அப்புறம் வாயெல்லாம் பல்.

"அட, இதுக்கா இத்தனை கூப்பாடு? தாராளமா கூட்டிட்டுப் போம்மா. பெத்துப் பெத்து ஓஞ்சுபோச்சு, பாவம்."

"ஐயோ, இல்ல!" ஒக்பூன் பாய்ந்து பொக்சிலை அணைத்துக்கொண்டாள். "இவ பெக்கவே இல்லம்மா! ஒரு தடவகூட! இது என் நாய். என் வீட்டுக்காரர் கொண்டாந்தது, பதினோரு வயசு ஆகுது."

"அப்ப இந்தக் குட்டிங்க? வானத்துலேருந்து பொத்துக்கிட்டு விழுந்துச்சா?"

ஒக்பூன் தம்பியைப் பார்த்தாள். அவன் மிளகாயைக் காலால் கிளறிக்கொண்டே, "சொல்லேன் அக்கா. கேக்கறாங்கல்ல?" என்றான்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? ஏலத்துக் குட்டி என்று சொன்னால் இருக்கிற வீடும் போகும்.

"போன மாசம் என் சிநேகிதிகிட்ட 'இவதான் பெத்தா'ன்னீங்க, இன்னிக்கு பெக்கவே இல்லங்கறீங்க. நல்லா இருக்கு நியாயம்!" என்று சொல்லி, சோல்பி அவள் கையிலிருந்து நாயை வாங்கித் தோள்பையில் வைத்துக்கொண்டாள். ஒக்பூன் நொண்டி நொண்டி வாசல்வரை ஓடினாள்.

"சோறு குழைவா வைம்மா, அவளால மெல்ல முடியாது!"

"இப்ப வருதாக்கும் பாசம்" என்று திரும்பிப் பாராமலே போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஒக்பூனுக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. அந்தப் பெண்ணைத் திட்டினாள், தம்பியை மனசுக்குள் திட்டினாள், எல்லோரையும்விடத் தன் வாயைத் திட்டினாள். அக்கா இப்படிக் கிடப்பதைப் பார்த்து தால்சூ ஒரு நாள் கறுப்பு நூடுல்ஸும் புளிப்பும் இனிப்புமாகப் பொரித்த பன்றிக்கறியும் வரவழைத்தான். "சாப்பிடுக்கா. அது கிழடு, போனாப் போகுது. வேற ஒண்ணு பாத்துக்கலாம்." காலையில்தான் புதுப் பெட்டி வந்து இறங்கியிருந்தது. அதில் ஒரு குட்டி அப்போதே பேதியாகிச் சுருண்டு கிடந்தது.

ஒக்பூனின் போன் அடித்தது. சோல்பி. குரலில் பழைய காரம் இல்லை.

"அஜும்மா... டாக்டர்கிட்ட காட்டினேன். இவ குட்டி போட்ட மாதிரியே தெரியலைங்கறார். நீங்க அன்னிக்கு சொன்னது நிஜம்தானா? நான்தான் அவசரப்பட்டுட்டேனா? பாவம், கதவுக்கிட்டயே படுத்திருக்கா. நாளைக்குக் கொண்டாந்து விட்டுடட்டுமா?"

'ஆமாம், கொண்டா' என்பது ஒக்பூனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொல்லையில் அந்தப் பேதிக் குட்டி முனகும் சத்தம் கேட்டது. பொக்சில் வந்தால் தால்சூ நாளைக்கே அதன் பக்கத்தில் படுக்கவைத்துப் போட்டோ எடுப்பான். தடுக்க அவளால் முடியாது. என்றைக்கு முடிந்தது, நாளைக்கு முடிய?

"சாப்பிடறாளா?" என்று கேட்டாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் கோழி சாப்பிட்டா."

ஒக்பூன் கண்ணை மூடிக்கொண்டாள். "டாக்டர் கெடக்கான். நான்தான் அவள வருஷம் பூரா ஈன வச்சேன். அன்னிக்கு பயத்துல புளுகினேன். இங்க கொண்டாராத. நீயே வச்சுக்கோ."

"ச்சீ! நீங்கல்லாம் ஒரு மனுஷியா?" என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

தால்சூ நூடுல்ஸை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மலர்ந்தது.

"சபாஷ் அக்கா! குட்டிங்க எங்கேருந்து வருதுன்னு மூச்சு விடலியே. இப்பதான் நீ தொழில் கத்துக்கிட்ட" என்று தன் தட்டிலிருந்த கறியில் பெரிய துண்டாகப் பொறுக்கி அவள் கிண்ணத்தில் வைத்தான்.

ஒக்பூன் அதை எடுத்துத் தின்றாள்.